தராசில் நிற்பது யாருடைய எடை?

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் எடை மெஷின் 12.5 கிலோ கூடியிருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க" என்ற பேச்சு உடனே வந்து விழும். குறைப்பதற்கு முன்னால் அந்த 12.5 கிலோவில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். குழந்தை 3.4 கிலோ. நஞ்சுக்கொடி 650 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். பெரிதாகிவிட்ட கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ. மார்பகங்கள் 400 கிராம். கூடுதலாக ஊறிய ரத்தம் 1.4 கிலோவுக்குச் சற்று மேல். திசுக்களின் இடுக்குகளில் சேர்ந்த நீர் ஒன்றரை கிலோ. இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் கொழுப்பு, 3.3 கிலோ. 1960-களில் ஃபிராங்க் ஹைட்டனும் இசபெல்லா லீச்சும் போட்ட கணக்கு இது. பாடநூல்கள் இன்றும் இதை ஒட்டித்தான் பேசுகின்றன.

அந்த 3.3 கிலோவும் வீண் சதை இல்லை. பெரும்பாலும் நடு மாதங்களுக்குள் உடல் அதைச் சேர்த்து வைக்கிறது. கடைசி மாதங்களில் குழந்தை வேகமாக வளரும்போதும், பிறகு பால் சுரக்கும்போதும் எடுத்துச் செலவழிக்கிறது. ஆக, கூடிய எடையில் முக்கால் பங்கு அந்தப் பெண்ணின் கொழுப்பே அல்ல. இது சராசரிக் கணக்குதான். ஒருவருக்கு நீர் மட்டுமே மூன்று கிலோ சேரும், இன்னொருவருக்கு ஒரு கிலோவோடு நின்றுவிடும். மெஷினுக்கு நீரும் தெரியாது, கொழுப்பும் தெரியாது, குழந்தையும் தெரியாது. இருந்தும் "அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாய்" என்று தீர்ப்புச் சொல்ல அதைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம்.

எடை பார்க்கிற விதமே பல நேரம் கோணலாக இருக்கிறது. காலையில் பார்ப்பதைவிட மாலையில் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். மலச்சிக்கல், முந்தைய இரவு சாப்பிட்ட உப்பு, போட்டிருக்கும் உடை, செருப்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். போன முறை ஒரு மெஷின், இந்த முறை வேறு மெஷின் என்றால் அந்த வித்தியாசமும் உங்கள் கணக்கில் ஏறும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரே மெஷினில், காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன், மெல்லிய உடையோடு, வாரம் ஒருமுறை பாருங்கள். மெஷின் கெட்டித் தரையில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஒற்றை வாரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நான்கு வாரப் போக்கு என்றால் அதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

சரி, எவ்வளவு கூடலாம் என்ற அட்டவணை எங்கிருந்து வந்தது? உலகில் அதிகம் எடுத்தாளப்படுவது அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முந்தைய பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 18.5-க்குக் கீழ் என்றால் 12.5 முதல் 18 கிலோ, 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5, 30-க்கு மேல் 5 முதல் 9. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை. அதற்குப் பிறகு நடுத்தர பிஎம்ஐ உள்ளவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 420 கிராம், 350-இலிருந்து 500 வரை போகலாம். பிரிட்டனில் நெடுங்காலம் இப்படியொரு அதிகாரபூர்வ இலக்கே இருந்ததில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் எல்லோரையும் மெஷினில் ஏற்ற வேண்டாம், சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் மட்டும் போதும் என்று அங்கே 2010-இலேயே வழிகாட்டிவிட்டார்கள். ஒரு நாட்டில் மீறக்கூடாத எல்லை, இன்னொரு நாட்டில் அந்த எல்லையே இருந்ததில்லை. இரண்டிலும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன.

அட்டவணையின் அடித்தளம் பிஎம்ஐ. 1830-களில் அடால்ஃப் கெத்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் மக்கள் தொகையின் சராசரி உடலை வரையறுக்கத் தேடிக் கண்ட விகிதம் அது. தனி மனிதரின் உடல்நலத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. ஆன்செல் கீஸ் 1972-இல் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். அமெரிக்காவில் 1998 வரை ஒரு பெண் 27.3-ஐத் தாண்டினால்தான் 'அதிக எடை'. அந்த ஆண்டு வரம்பை 25-க்கு இறக்கினார்கள். முந்தின நாள் சரியாக இருந்த அதே உடம்பு மறுநாள் அதிக எடை ஆகிவிட்டது. பிஎம்ஐ பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூட்டமாகப் பார்க்கும்போது ஆபத்தின் திசையைக் காட்டும். 24.8 உள்ளவர் 16 கிலோ வரை கூடலாம், 25.1 உள்ளவர் 11.5-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு பெண்ணின் உடம்பில் கோடு கிழிக்கும்போதுதான் அது பல்லிளிக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை தொடக்க எடையில் இருக்கிறது. 'கர்ப்பத்துக்கு முந்தைய எடை' என்று அட்டவணை கேட்கிறது. பலருடைய அட்டையில் அந்த இடத்தில் இருப்பதோ 10-ஆவது, 12-ஆவது வாரத்தில் முதல் முறை போனபோது பார்த்த எடை. 60 கிலோ இருந்த ஒரு பெண், மசக்கையில் 3 கிலோ இளைத்து, 12-ஆவது வாரத்தில் 57 கிலோவோடு முதல் தடவை மெஷினில் ஏறுகிறார் என்று வையுங்கள். 30-ஆவது வாரத்தில் 67. அட்டைப்படி 18 வாரத்தில் 10 கிலோ, அதாவது வாரத்துக்கு 550 கிராம். எல்லை மீறிவிட்டார், திட்டு விழும். உண்மையான தொடக்கத்திலிருந்து பார்த்தால் கூடியிருப்பது 7 கிலோதான். 30 வாரத்துக்கு ஏறத்தாழ 7-இலிருந்து 11 வரை இருக்கலாம் என்ற வரம்பில் அவர் அடிமட்டத்தில் நிற்கிறார். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்ல வேண்டியவரிடம் குறைக்கச் சொல்கிறோம். "எந்த வாரத்து எடையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?" என்பதுதான் எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் எடை அதிகம் கூடினால் ஆபத்து என்று இத்தனை ஆய்வுகள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் திரட்டி 2017-இல் வெளிவந்த பெரிய தொகுப்பில் 47 சதவீதம் பேர் அந்த 2009 வரம்புக்கு மேல், 23 சதவீதம் பேர் கீழ். மேலே போனவர்களுக்குப் பெரிய குழந்தையும் சிசேரியனும் கூடுதல். கீழே இருந்தவர்களுக்குச் சிறிய குழந்தையும் குறைமாதப் பிரசவமும் கூடுதல். ஆனால் இதைப் படிக்கும்போது இரண்டு முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும். தாயின் எடைக்குள் குழந்தையின் எடையும் அடக்கம். பெரிய குழந்தையைச் சுமப்பவர் அதிக எடை காட்டத்தான் செய்வார். எது காரணம், எது விளைவு? அடுத்தது, குறைமாதத்தில் பிரசவித்தவருக்கு எடை கூட நாளே இருந்திருக்காது. 33 வாரத்தில் பிரசவமானவரின் மொத்த எடையை 40 வாரம் போனவரோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். வாரக் கணக்குக்குத் திருத்தினாலும் இந்தச் சிக்கல் முழுசாகப் போவதில்லை.

உணவுதான் காரணம் என்றால் உணவை மாற்றினால் விளைவு மாற வேண்டும். அதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிஎம்ஐ 25-க்கு மேற்பட்ட 2,212 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவும் நடையும் பற்றி விரிவான ஆலோசனை தந்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. மாதத்துக்கு மீறிய வளர்ச்சியுள்ள குழந்தைகளின் விகிதத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 4 கிலோவுக்கு மேல் பிறந்தவர்கள் மட்டும் 19 சதவீதத்திலிருந்து 15 ஆனார்கள். பிரிட்டனில் பிஎம்ஐ 30-க்கு மேற்பட்ட 1,555 பேரிடம் இன்னும் தீவிரமாக முயன்றார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையும் குறையவில்லை, பெரிய குழந்தைகளும் குறையவில்லை. இப்படிப்பட்ட 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எடைக் கூடுதல் சராசரியாக 700 கிராம் குறைந்தது, சிசேரியன் சற்றே குறைந்தது. மொத்தப் பலன் அவ்வளவுதான். நல்ல உணவும் நடையும் வேறு பல காரணங்களுக்காகத் தேவை. ஆனால் வாயைக் கட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த 700 கிராம் போதாது.

எதிர்ப்பக்க அறிவுரையும் இதே கதிதான். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு." இரண்டாவது உயிர் முதல் மூன்று மாத முடிவிலும் ஏறக்குறைய கட்டைவிரல் நீளம்தான். அப்போது தேவைப்படும் கூடுதல் கலோரி ஏறக்குறைய பூஜ்யம். நடு மூன்று மாதத்தில் நாளுக்கு சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 என்கிறது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டன் ஆறு மாதம் வரை எதுவும் வேண்டாம், பிறகு 200 போதும் என்கிறது. ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் 300 கலோரி வந்துவிடும். இரண்டாவது தட்டுக்கு அங்கே இடமில்லை. கலோரியைவிட வேகமாக ஏறுவது மற்ற சத்துகளின் தேவை. இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஃபோலேட் என்ற வைட்டமினும் ஒன்றரை மடங்கு. ஆகவே கேட்க வேண்டியது 'எவ்வளவு' என்பதைவிட 'எது' என்றுதான்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் பழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1889-இல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் லுட்விக் ப்ரோகோவ்னிக், இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்கு மாவுச்சத்தையும் நீரையும் வெட்டும் பத்தியம் ஒன்றை எழுதினார். குழந்தை சிறியதாகப் பிறந்தால் தாய் பிழைப்பாள். சிசேரியன் உயிரைப் பறித்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. சிசேரியன் பாதுகாப்பானதாக மாறிய பிறகும் பத்தியம் மட்டும் தங்கிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் 9 கிலோவுக்குள் நிறுத்து, உப்பை ஒதுக்கு, கால் வீங்கினால் நீர் பிரியும் மாத்திரை போடு என்று அது வேறு வேடம் போட்டது. இந்த முறை சொன்ன காரணம் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற ரத்த அழுத்த நோய். அந்த நோயில் எடை திடீரென ஏறும். ஏறுவது நீர். நோயின் அடையாளத்தை நோயின் காரணமாக எண்ணிச் சாப்பாட்டில் கை வைத்தார்கள். 1970-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் குழு ஒன்று இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, சராசரியாக 11 கிலோ கூடலாம் என்று எழுதிய பிறகுதான் காற்று திரும்பியது.

பட்டினியால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. போர் அதைச் செய்து காட்டியது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்குக் கீழே போனது. கடைசி மூன்று மாதத்தில் அந்தப் பஞ்சத்தில் மாட்டிக்கொண்ட பெண்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் குறைவாகப் பிறந்தன. முதல் மூன்று மாதத்தில் மாட்டிக்கொண்டவர்களின் குழந்தைகள் சரியான எடையிலேயே பிறந்தன. நடுவயதில் அவர்களிடம்தான் இதயநோய் அதிகம் தென்பட்டது. பிறப்பு எடையை மட்டும் பார்த்திருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருப்பார்கள்.

உப்பைக் குறைப்பது ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்காது. ருசிக்கு எவ்வளவோ அவ்வளவு போட்டுக்கொள்ளலாம். தடுக்க உதவுவது வேறு. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 12-ஆவது வாரம் முதல், 16-ஆவது வாரத்துக்குள் தொடங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017-இல் வந்த ஆய்வில் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களிடம், 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் அளவுக்கு முற்றிய நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. உணவில் கால்சியம் குறைவான மக்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் கால்சியத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆஸ்பிரினை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆனால் "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்று 12-ஆவது வாரத்திலேயே கேட்கலாம். முன்பு இந்த நோய் வந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய், நாள்பட்ட ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

எடை மெஷினை உண்மையிலேயே நம்ப வேண்டிய இடம் இதுதான். 20 வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறுகிறது. முகமும் கையும் வீங்குகின்றன. விடாத தலைவலி, கண்ணில் மினுமினுப்பு, வலப்பக்க விலாவுக்குக் கீழ் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பிபி பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். 140/90 என்றால் கவனம், 160/110 என்றால் அவசரம். இந்த நிலையில் "சாப்பாட்டைக் குறைங்க" என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தான தவறு. மாலையில் கணுக்கால் மட்டும் வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது பெரும்பாலும் சாதாரணம்.

பிபி பார்க்கும்போது கைப்பட்டையையும் கவனியுங்கள். மேல்கையின் சுற்றளவு 33, 34 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். உள்ளே காற்றடைக்கும் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். சிறிய பட்டையை இழுத்துக் கட்டினால் அளவு கூட்டியே காட்டும். 2023-இல் வந்த ஓர் ஆய்வில் (கர்ப்பிணிகளிடம் செய்ததல்ல) மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. பருமனான பெண்ணுக்கு இல்லாத நோயை வரவழைக்க ஒரு துணிப்பட்டை போதும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில், பேசாமல் பார்க்க வேண்டும். வேறு பட்டை இல்லையா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு மூன்று முறை ரத்தம் எடுக்கும் சோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். இதில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை என்று 2010-இல் ஒரு சர்வதேசக் குழு வரையறுத்தது. அதற்கு அடிப்படையாக அமைந்த 2008 ஆய்வு சொன்னது வேறு: சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் சீராக ஏறுகிறது, நடுவில் கோடு எதுவும் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு. 2021-இல் 23,792 பெண்களிடம் இந்த ஒரே கட்ட முறையையும், முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு சோதிக்கும் இரு கட்ட முறையையும் ஒப்பிட்டார்கள். முதலாவதில் 16.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, இரண்டாவதில் 8.5. பெயர் சூட்டப்பட்டவர்கள் இரட்டிப்பானார்கள். பெரிய குழந்தை, முதல் சிசேரியன், பிபி எதிலும் வித்தியாசம் இல்லை. தாழ்ந்த கோட்டையும் உயர்ந்த கோட்டையும் ஒப்பிட்டு நியூசிலாந்தில் 2022-இல் வந்த ஆய்வும் ஒட்டுமொத்தமாக இதையே சொன்னது. ஆனால் அதில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் விழுந்த பெண்களைத் தனியே பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்குப் பெரிய குழந்தை பிறப்பது தெளிவாகக் குறைந்திருந்தது. ஆகவே 'எல்லாம் வியாபாரம்' என்று சோதனையைத் தவிர்ப்பது தப்பு. 93 வந்துவிட்டதே என்று இடிந்துபோவதும் தப்பு.

சோதனை கெட்டுப்போகும் வழிகள் சில. சர்க்கரை வந்துவிடக் கூடாதே என்று முந்தைய மூன்று நாள் மாவுச்சத்தைக் குறைத்தால் எண் இறங்காது, ஏறவே வாய்ப்பு. திடீரென 75 கிராம் வந்து இறங்கும்போது உடல் அதற்குத் தயாராக இருக்காது. வழக்கம்போல் சாப்பிடுங்கள். 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். குடித்த பிறகு நடமாடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் இந்தக் கரைசலைக் குடித்தால் படபடப்பும் மயக்கமும் வரும். அவர்கள் அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதே நல்லது.

சர்க்கரை என்று முடிவானால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துகிறார்கள் பலர். நாளுக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது கர்ப்பத்தில் வேண்டும். அளவைக் குறைப்பதைவிட மூன்று வேளை, இரண்டு மூன்று இடைவேளை என்று பிரிப்பதில்தான் பலன் தெரியும். காலை நேரத்தில் இன்சுலின் அவ்வளவாக வேலை செய்யாது. ஆகவே காலைச் சாப்பாட்டில் மாவுச்சத்து மற்ற வேளைகளைவிடக் குறைவாகவும் புரதம் தாராளமாகவும் இருக்கட்டும். சாப்பிட்ட பின் 10, 15 நிமிட நடை. இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குள், ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் எல்லாம் சரியாக இருந்து, காலை வெறும் வயிற்று எண் மட்டும் 95-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உங்கள் தட்டில் தப்புத் தேடாதீர்கள். இரவு முழுக்கச் சர்க்கரை தயாரித்து ஊற்றுவது கல்லீரல். அதற்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படலாம். கட்டுப்பாடு போதவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

தடை உணவுப் பட்டியல்கள் எவ்வளவு சீக்கிரம் தலைகீழாகும் என்பதற்கு நிலக்கடலை ஒன்று போதும். 1998-இல் பிரிட்டனில் ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கலாம் என்றார்கள். 2009-இல் அந்த ஆலோசனையைக் கைவிட்டார்கள். 2015-இல் வந்த ஆய்வு, கைக்குழந்தைக்கே சீக்கிரம் கொடுத்தால் நிலக்கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மீனும் அப்படித்தான். அமெரிக்காவில் 2004-இல் வாரம் 340 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றார்கள், பயத்தில் பலர் மீனையே விட்டார்கள். 2007-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அந்த 340 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள்தான் மொழித்திறனில் பின்தங்கினார்கள். இப்போது அமெரிக்காவில் வாரம் 225 முதல் 340 கிராம் சாப்பிடுங்கள் என்றே சொல்கிறார்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம், அவற்றை மட்டும் தவிர்த்தால் போதும்.

மாறாமல் நிற்கும் தடைகளும் உண்டு. அவை ஏன் நிற்கின்றன என்று தெரிந்தால் மற்றவற்றோடு சேர்த்துத் தூக்கி எறிய மாட்டோம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சல்போல வந்துபோகும், குழந்தையை இழக்க நேரிடலாம். காய்ச்சாத பால், அந்தப் பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டி, சமைக்காமல் அப்படியே தின்னும் பதப்படுத்திய இறைச்சி, வெட்டி நெடுநேரம் வைத்த பழம் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. 74 டிகிரி செல்சியஸ் வரை, ஆவி பறக்கச் சூடாக்கினால் அது சாகும். கல்லீரல் இறைச்சியில் வைட்டமின் ஏ மிக அதிகம். நாளுக்கு 3,000 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பை 100 கிராமே தாண்டிவிடும், அதிகமானால் முதல் மாதங்களில் குழந்தையின் உறுப்பு உருவாக்கத்தைக் கெடுக்கும். மீன் ஈரல் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை. கேரட், கீரை தரும் வடிவத்துக்கு இந்தப் பயம் வேண்டாம், உடல் தேவைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளும். காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள், தோராயமாக இரண்டு கப் காபி; கடைசி மாதங்களில் அது உடலைவிட்டு வெளியேற வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரமாகும் என்பதால் தூக்கம் வராதவர்கள் மதியத்தோடு நிறுத்தலாம். மதுவுக்கு 'இவ்வளவு வரை சரி' என்று யாராலும் ஓர் அளவு காட்ட முடியவில்லை. ஆகவே வேண்டாம்.

மசக்கையில் சத்தான உணவு பற்றிய உபதேசம் எதுவும் எடுபடாது, எடுபடவும் தேவையில்லை. முதல் மூன்று மாதத்தில் வயிற்றில் எது தங்குகிறதோ அதுதான் நல்ல உணவு. விடாமல் போட வேண்டியது 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மட்டும். குழந்தையின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் மூடிவிடுவதால், கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கியிருப்பது உத்தமம். வாந்தியைக் கூட்டும் இரும்பு மாத்திரையை இந்த வாரங்களில் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இளைத்தாலோ, சிறுநீர் அடர்ந்து குறைந்தாலோ அது மசக்கையைத் தாண்டிய நோய். வாரக்கணக்கில் எதுவும் தங்காதவருக்கு ட்ரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது வைட்டமின் பி1, கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் ஏற்றினால் மீதமிருக்கும் கொஞ்ச தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படும். துணைக்குப் போகிறவர் நினைவில் வைத்திருந்து கேட்க வேண்டிய ஒரு சொல் அது.

ரத்தத்தின் கதையும் தராசின் கதைபோலத்தான். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40, 50 சதவீதம் கூடுகிறது, சிவப்பணுக்கள் 20, 30 சதவீதமே கூடுகின்றன. அதனால் ஹீமோகுளோபின் இறங்குவது நீர்த்துப்போவதால். நடு மாதங்களில் 10.5 வரை, மற்ற மாதங்களில் 11 வரை சரி. கடைசி வரை 13-க்கு மேலேயே நிற்பது சில நேரம் நீர்ப்பகுதி கூடாததன் அடையாளம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 30-க்குக் கீழ் என்றால் ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் கையிருப்பு காலி. மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமாவது விலக்கிப் போடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று என்று போட்டால் உடல் உறிஞ்சுவதை 24 மணி நேரத்துக்குத் தானே குறைத்துக்கொள்கிறது. மிஞ்சியது வயிற்றைப் புரட்டி, மலத்தைக் கட்டும். தாங்க முடியாதவர்கள் ஒன்றுவிட்ட நாள் போடலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பமில்லாத பெண்களிடம் அப்படிப் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உறிஞ்சப்பட்டது.

உடற்பயிற்சியில் இதயத் துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் எழுதிய விதி அது, 1994-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் என்பதே போதுமான அளவுகோல்.

பிரசவம் முடிந்தவுடன் ஐந்தாறு கிலோ இறங்கும். சிலருக்கு இறங்குவதில்லை, கால் முன்பைவிட வீங்கியும் இருக்கும். பிரசவ நேரத்தில் ட்ரிப்ஸில் ஏறிய நீர் அது. ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீராகப் போய்விடும். அந்த நீரில் ஒரு பங்கு குழந்தைக்கும் போயிருக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிறந்தபோது 3,400 கிராம், மூன்றாம் நாள் 3,080 என்றால் 9.4 சதவீத இழப்பு. 'பால் போதவில்லை, புட்டிப்பால் கொடுங்கள்' என்பார்கள். அதே குழந்தை முதல் நாள் சிறுநீராகக் கழித்தது போக 24 மணி நேரத்தில் 3,280 இருந்திருந்தால் அங்கிருந்து இழப்பு 6.1 சதவீதம்தான். நிறைய ட்ரிப்ஸ் ஏறிய பிரசவம் என்றால் 24 மணி நேர எடையையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளில் மூன்று முறையாவது சிறுநீர் ஈரம், ஐந்தாம் நாளுக்குள் மலம் மஞ்சளாக மாறுவது, ஆறாம் நாளில் ஆறு முறை ஈரம். குழந்தைக்குப் பால் இறங்குகிறதா என்பதை இவற்றில் பாருங்கள். ஈரம் குறைந்து, பாலுக்குக்கூட எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் 24 மணி நேரக் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே காட்ட வேண்டும்.